வேப்பிலை கட்டிய வீட்டில் விடைபெறுவதில்லை

1

பினாங்குத் துறைமுகத்தில் வியாதிக்கு அடையாளமாக மஞ்சள் கொடி ஏற்றிய கப்பல் வந்து நின்றால், எங்கள் தெருவில் முதலில் விலை ஏறுவது எலுமிச்சம்பழம். எந்த வியாதிக்கு எந்த மருந்து என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் எல்லோரும் எலுமிச்சம்பழம் வாங்குவார்கள். போன மாதம் நானும் கூடையோடு போய் நின்றேன். "மெட்ராஸ் கப்பலாம். கீழ்த்தட்டுல ஒரு கொழந்தைக்கு அம்மையாம்" என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். பழத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தக் கப்பலில் என் தங்கை லூர்து இருந்தாள்.

மயிலாப்பூர்க் கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இங்கே வந்து ஒரு மாமாங்கம் ஆகிறது. இதுவரை நான் ஊருக்குத் திரும்பவில்லை. லூர்து கல்யாணமாகி, சைகோனில் வேலை பார்க்கும் புருஷனிடம் போகிறாள். கப்பல் பினாங்கில் ஒரு பகல் நிற்கும். மேலே ஏறிப் போய் அவளைப் பார்த்துவிடலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அவளுக்காகத் தேங்காய்ப்பால் பலகாரம்கூடச் செய்தாயிற்று. ஆனால் கீழ்த்தட்டுப் பிரயாணிகள் எல்லோரையும் எதிரே தெரியும் தீவில் இறக்கிவிட்டார்கள். நோய்த் தடைக்காலம் முடிந்ததும் வேறு கப்பல் வந்து அவர்களை நேரே ஏற்றிக்கொண்டு போய்விடும். ஊருக்குள் காலடி வைக்க விடமாட்டார்கள்.

தீவு எங்கள் மாடி ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும். மழை வந்தால் மறையும், விட்டால் மறுபடி வரும். அன்றிலிருந்து நான் சோறு வடிக்கும்போதுகூட ஒரு கண்ணை அதன்மேல்தான் வைத்திருந்தேன்.

2

என் பெயர் ஆரோக்கியம். என் முகத்தைப் பார்க்கிறவர்கள் பெயரைக் கேட்டதும் கொஞ்சம் சிரிப்பார்கள். முகம் முழுக்கத் தழும்பு. சின்ன வயதில் ஆத்தா வந்து விளையாடிவிட்டுப் போன இடம். அந்த நாட்களில் எனக்கு நினைவிருப்பது இரண்டுதான்: உடம்பெல்லாம் வேப்பிலை தடவும் கூச்சம், வெளியே அலை அடிக்கும் சத்தம் கட்டிலுக்குக் கீழேயே கேட்பதுபோல ஒரு மயக்கம். இன்றைக்கும் ஜுரம் வந்தால் அந்த அலைதான் முதலில் கேட்கிறது.

சாந்தோமுக்குத் தெற்கே இருக்கும் எங்கள் குப்பத்தில் பாதிப் பேர் இந்துக்கள், பாதிப் பேர் வேதக்காரர்கள். ஆத்தா வந்தால் அந்தக் கணக்கெல்லாம் இல்லை. அவர்கள் வேப்பிலையை வாசலுக்கு வெளியே கட்டுவார்கள். நாங்கள் பங்குச் சாமியார் கண்ணில் படாமல் கதவுக்கு உள்பக்கம் கட்டி, பக்கத்திலேயே செபஸ்தியார் சுரூபத்துக்கு மெழுகுவத்தியும் ஏற்றுவோம். அந்த வீட்டு ஆம்பிளைகள் கடலுக்குப் போகமாட்டார்கள். தலை வாரக்கூடாது. மீன் வறுக்கக்கூடாது. எண்ணெயில் கடுகு போட்டுத் தாளிக்கவே கூடாது, அது ஆத்தாவுக்கு ஆகாது.

அந்த வீட்டுக்குள் யார் போவது? ஏற்கெனவே வந்துபோனவர்கள்தான். ஒருமுறை வந்தால் அந்த உடம்புக்கு மறுபடி வராது என்று எங்கள் ஊரில் யாரும் பாடம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரியும். கூழ், இளநீர், தண்ணீர்க் குடம் எல்லாம் எங்கள் தலையில்தான். முத்துக்காரி என்று எங்களைக் கூப்பிடுவார்கள். மாட வீதிப் பக்கம் போனால் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. குப்பத்தில் பங்குனி பிறந்துவிட்டால், இந்த முகம் எப்போது வரும் என்று வாசலில் காத்திருப்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன்?

3

என்னோடு சேர்ந்து போகிறவள் சுலைகா பீ. மயிலாப்பூரில் பரம்பரையாக வளையல் விற்கும் குடும்பம். வீட்டில் உருது, தெருவில் எங்கள் தமிழ். அவள் முகமும் என் முகம்தான். அவர்கள் அக்காவை ஆபா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிடுவேன்.

வளையல் கூடையோடு அவள் போகாத தெரு இல்லை. ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை, அப்போதுதான் ஏரியைத் தூர்த்து மனை போட்டுக்கொண்டிருந்த மாம்பலம்வரை நடப்பாள். வளையலுக்குக் கை நீட்டாத வீட்டில் விசேஷம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மாட வீதியில் ஒரு மாமி கதவைப் பாதி திறந்து, "ஆத்துல அம்பாள் வந்திருக்கா. வளையல் வேண்டாம், நீ போயிண்டே இரு" என்றால், அடுத்த வாரம் எங்கள் பக்கம் வரும் என்று ஆபா சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சில வருஷம் ஒன்றிரண்டு வீட்டோடு போய்விடும். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை, புதுக் குழந்தைகள் நிறையச் சேர்ந்த பிறகு, தெருத்தெருவாக வரும்.

ஒருநாள் பொழுது சாயும் நேரம். ஆழ்வார்பேட்டையிலிருந்து கடலைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தோம். அடுப்புப் புகை எல்லா வீட்டிலும் எழுந்துகொண்டிருந்தது. நடுவழியில் ஆபா நின்றுவிட்டாள்.

"இன்னா ஆபா, முள்ளு குத்திச்சா?"

"இல்லடி. மூச்சை இழுத்துப் பாரு. கடுகு வாசனை வருதா?"

இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. புகை இருக்கிறது, சோறு வேகும் மணம் இருக்கிறது, தாளிப்பு மட்டும் இல்லை.

"இந்தாண்ட ஒரு வீட்ல கூட தாளிக்கல. ஆத்தா இங்க வரைக்கும் வந்துக்கினு கீறா" என்றாள்.

அதற்குப் பிறகு அது எங்களுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. விளையாட்டு என்று சொன்னால் பாவம்தான், ஆனால் அப்போது இளவயசு. கண்ணை மூடிக்கொண்டு ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு நடப்போம். கடுகு வாசனை எங்கே நிற்கிறதோ அங்கே கண்ணைத் திறப்போம். எதிரே ஒரு வாசலில் வேப்பிலை ஆடிக்கொண்டிருக்கும். எல்லோரும் பயந்து ஒதுங்கும் தெருவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மகாராணிகள்போல நடப்போம். முதல் மழை விழுந்து, மறுபடி ஏதோ ஒரு வீட்டில் கடுகு வெடித்தால், அந்த மணத்துக்கு அழுகையே வரும்.

இங்கே பினாங்கில் நாள் முழுக்க எல்லாத் தெருவிலும் எதையாவது வறுத்துக்கொண்டே இருக்கிறார்கள். எந்த வீட்டில் சுகம், எந்த வீட்டில் இல்லை என்று மூக்குக்குத் தெரிவதே இல்லை.

4

எங்கள் குப்பத்தில் இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. ஆத்தா ஒரு வீட்டில் ஒரு பிள்ளையைத்தான் தொடுவாள், தொட்ட வீட்டுக்குத் திரும்பி வரமாட்டாள். என் அம்மா ஞானம்மாள் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மை குத்துகிறவர் பெட்டியோடு மணலில் நடந்து வருவது தெரிந்தால் பிள்ளைகளைக் கட்டுமரத்துக்கு அடியில் ஒளித்துவைப்பது எங்கள் ஊர் வழக்கம். லூர்துவையும் அப்படித்தான் ஒளித்தார்கள். ஒரு வருஷம் அகப்பட்டுக்கொண்டாள். அவர் கையைக் கீறி மருந்து தடவிவிட்டு அந்தப் பக்கம் திரும்பியதும், அம்மா அவளை இழுத்துக்கொண்டு போய் அலையில் நிறுத்தி, கீறின இடத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டாள்.

"எங்க ஊட்டு கணக்கு தீந்துடுச்சி. பெரியவ குட்த்துட்டா. இவளுக்கு இன்னாத்துக்கு?" என்றாள்.

நானும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். என் முகம் எங்கள் வீட்டுக்கே காவல் என்று எனக்கும் நம்பிக்கை.

லூர்துக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தபோது அந்தப் பெரிய வருஷம் வந்தது. எனக்குக் கல்யாணமாகியிருந்தது. என் வீட்டுக்காரர் முன்னாலேயே பினாங்குக்கு வந்து சரக்குப் படகில் வேலைக்கு அமர்ந்து, எனக்குக் கப்பல் சீட்டு அனுப்பியிருந்தார். புறப்படப் பத்து நாள் இருக்கும்போது லூர்துக்கு ஜுரம். மூன்றாம் நாள் முத்து. குப்பத்திலேயே லட்சணமான முகம் அவளுடையது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மூடிக்கொண்டு வந்தது. அம்மா வேப்பிலைக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "கணக்கு தீந்துச்சே, தீந்துச்சே" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நான்தான் பார்த்துக்கொண்டேன். சீட்டை விட்டால் மறுபடி எப்போது கிடைக்குமோ, புருஷன் அங்கே தனியாக இருக்கிறார், நீ போ என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். புறப்படும் நாளும் வந்தது. லூர்துக்குக் கண் இரண்டும் வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. பிழைப்பாளா என்று யாருக்கும் தெரியாது.

வேப்பிலை கட்டிய வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாது. அங்கே 'வா' என்ற சொல் காதில் விழுந்தால் ஆத்தா தன்னைத்தான் மறுபடி கூப்பிடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வாள். அதனால் போகிறவர்கள் பேசாமல் எழுந்து போகவேண்டும். இருக்கிறவர்கள் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளவேண்டும். அம்மா திரும்பிக்கொண்டாள். லூர்து கண் தெரியாமலே, காலடிச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டு, மெல்லப் புரண்டு சுவர்ப்பக்கம் படுத்தாள். அந்த முதுகுதான் நான் ஊரில் கடைசியாகப் பார்த்தது.

கடலில் முழுகினேன். உடுத்தியிருந்ததைக் கரையிலேயே கொளுத்தினேன். ஆபா தன் வீட்டிலிருந்து புதுச் சேலை கொண்டுவந்து கட்டிவிட்டு, கூடையிலிருந்து இரண்டு கைக்கும் வளையல் போட்டாள். துறைமுகத்து டாக்டர் துரை என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, கையைக்கூடத் தொடாமல் ஏணிப்பக்கம் காட்டிவிட்டார். போய் வா என்று ஒருவர்கூடச் சொல்லாமல் நான் கடல் கடந்தேன். அதனாலோ என்னவோ, இங்கே எத்தனை வருஷம் இருந்தும் வந்து சேர்ந்த மாதிரி இல்லை. அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு நடுவழியில் உட்கார்ந்திருப்பதாகவே தோன்றுகிறது.

5

இரண்டு மாதம் கழித்து, கோயில் உபதேசியார் கையால் எழுதிய ஒரே வரி வந்தது: "லூர்துக்குத் தண்ணீர் ஊற்றியாச்சு." அம்மை இறங்கிக் குளிப்பாட்டினார்கள் என்று அர்த்தம். முகம் எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவளும் எழுதவில்லை. அவள் கல்யாணம் இவ்வளவு தள்ளிப்போனதிலிருந்து நானே புரிந்துகொண்டேன். அப்போதெல்லாம் கண்ணாடி பார்க்கப் பிடிக்காது.

என் மகள் பிலோமினாவுக்குப் பதினொரு வயது. மலாய் வார்த்தையில் தொடங்கி இங்கிலீஷில் முடிப்பாள், நடுவில் எனக்காக இரக்கப்பட்டு இரண்டு தமிழ் வார்த்தை போடுவாள். போன வருஷம் பள்ளிக்கூடத்து விழாவுக்கு, "நைனா மட்டும் வந்தா போதும்மா, உனக்கு வேலை இருக்கும்" என்றாள். எனக்கு ஒரு வேலையும் இல்லை என்று அவளுக்கும் தெரியும். அன்றைக்குப் பகலெல்லாம் வீட்டிலேயே படுத்திருந்தேன். வலித்தது.

கப்பல் சங்கதி பரவியதும் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் மறுபடி அம்மை குத்தச் சொன்னார்கள். பிலோ காலை உதைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு வேணாம்மா. உனக்குத்தான் வந்துச்சே. நான் உன் பொண்ணுதானே, எனக்கு எப்படி வரும்?"

என் அம்மா ஞானம்மாள் கடல் கடந்து வந்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். ரத்தமும் வேறுதான். அவளை இடுப்பில் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு போய் அம்மை குத்திக் கூட்டிக்கொண்டு வந்தேன். வரும் வழியெல்லாம் அவள் கையைத் துடைத்துவிடாமல் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். கோபித்துக்கொண்டு அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

6

தீவுக்குப் போக அனுமதி வேண்டும். துறைமுகச் சுகாதார ஆபீசில் மேஜைக்குப் பின்னால் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா ஒருவர், மீசை அப்போதுதான் அரும்பிய பிள்ளை. படகுத்துறைவரை போகலாம், தடுப்புக் கயிற்றுக்கு இந்தப்புறம் நின்று பேசலாம். ஆனால் போகிறவர் கையில் அம்மை குத்தின தழும்போ புதிதாகக் குத்திப் பழுத்த புண்ணோ இருக்கவேண்டும் என்றார்.

"எனக்கு ஆத்தா வந்துட்டு போய்ட்டாங்க தம்பி."

என் அம்மாவைச் சொல்கிறேன் என்று நினைத்து, அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ஆத்தை எங்கை? வெளியிலையோ நிக்கிறா?" என்றார். வேறு விதமாகச் சொல்லிப் புரியவைத்தேன். "ஓ, அம்மாள் வருத்தமோ" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு மறுபடியும், "அக்கா, கையைக் காட்டுங்கோ. அம்மைப்பால் கட்டின தழும்பு இருக்கோ?"

"இன்னா தம்பி, மூஞ்சி முழுக்க ஆத்தா கையெழுத்து போட்டு வெச்சிக்கிறா. நீங்க கையில தேடிக்கினு கீறீங்களே?"

"முகத்தைப் பாத்தனான் அக்கா. எனக்கு விளங்குது. ஆனா சட்டத்திலை கை எண்டுதான் கிடக்கு."

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். இங்கே முகத்தில் இருப்பதைக் கண்ணாலே பார்த்துவிட்டும் கையில் புண் கேட்கிறார்கள். சரி என்று குத்திக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். ஏற்கெனவே ஆத்தா வந்துபோன உடம்பில் அந்த மருந்து எங்கே பழுக்கும்? ஒரு அரிப்போடு ஆறிவிட்டது. அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பழுக்கேல்லை" என்று வருத்தத்தோடு எழுதிக்கொண்டார். எழுத்துப்படி எனக்கு அம்மைக்கு எதிராக ஒரு காப்பும் இல்லை. மறுபடி குத்தினார்கள். மறுபடியும் பழுக்கவில்லை.

ஜன்னலில் தீவு மறைந்து மறைந்து தெரிந்தது. தடைக்காலம் கரைந்துகொண்டிருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று அந்தப் பிள்ளையை மனசுக்குள் திட்டாத திட்டில்லை. மூன்றாம் தடவை போனபோது ஆபீசில் உட்கார முடியாமல் அழுதுவிட்டேன். தங்கை முகத்தை நான் பார்த்ததே இல்லை தம்பி, அம்மை இறங்கின பிறகு பார்த்ததே இல்லை என்றேன். அவர் எழுந்து உள்ளே போய், பெரிய டாக்டரைக் கையோடு அழைத்துவந்தார். வெள்ளைக்காரக் கிழவர். என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், குமாஸ்தாவை ஏதோ சொல்லிச் சிரித்தார். அந்தப் பிள்ளைக்குக் காது சிவந்துவிட்டது. அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

7

மறுநாள் காலை மருந்துப் படகில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். தீவில் பகலெல்லாம் காவல் பார்க்கும் முறை அந்தக் குமாஸ்தாவுக்கு; அவரும் கூட வந்தார். கடல் அன்றைக்கு எண்ணெய் ஊற்றினதுபோல அசையாமல் கிடந்தது. படகு போகிறதா, தீவு வருகிறதா என்று தெரியவில்லை.

படகுத்துறையில் கயிறு கட்டியிருந்தது. அந்தப்பக்கம், கொட்டகையிலிருந்து ஒருத்தி குடத்தை இறக்கிவைத்துவிட்டு வந்தாள். நடையைப் பார்த்து அம்மாதான் வருகிறாளோ என்று நினைத்தேன். கிட்டே வந்ததும் என் முகமே வந்து நின்றது. அதே தழும்பு, அதே இடங்களில். இத்தனை வருஷம் எதைப் பார்க்கப் பயந்தேனோ, அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வரவில்லை. கண்ணாடியில் பார்க்கும்போது பிடிக்காத முகம், அவளிடத்தில் அழகாகத்தான் இருந்தது.

"இன்னாக்கா இது, கெழவி ஆய்ட்டே?" என்றாள்.

"நீ மட்டும் கொமரியாக்கும். மூஞ்சிய பாரு."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு நிற்கவில்லை, அப்புறம் அழுகையும் நிற்கவில்லை. கப்பலில் அம்மை வந்த குழந்தையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாளாம். "வேற யாரு தொடுவாங்க? நம்ம மூஞ்சிதான் வேணும்னு கூப்ட்டாங்க" என்று சொல்லும்போது அவள் குரலில் என் பழைய கர்வம் இருந்தது. குழந்தை தேறிவருகிறது, இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை என்றாள். ஆபா மாம்பலத்தில் இப்போது கடையே போட்டிருக்கிறாளாம். அம்மா இப்போது யார் பிள்ளைக்கு அம்மை குத்தினாலும் கழுவவிடாமல் கூடவே உட்கார்ந்து காவல் காக்கிறாளாம். புதிதாகச் செய்த பலகாரப் பொட்டலத்தைக் கயிற்றுக்கு அடியில் தள்ளினேன். பிலோ பேசாத கோபத்திலும் எனக்குத் தெரியாமல் அதில் தன் ரிப்பன் ஒன்றை வைத்திருந்தாள், சித்திக்கு.

படகு ஊதியது.

நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் கொட்டகை வாசலைப் பார்த்தேன். எங்கிருந்து பிடித்தாளோ, ஒரு வேப்பிலைக் கொத்து அங்கே ஆடிக்கொண்டிருந்தது. லூர்துவும் என் பார்வையைப் பார்த்துவிட்டாள். இந்தத் தடவையும் சொல்லக்கூடாது. அவள் மெல்லத் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். அதே முதுகு. நான் பேசாமல் நடந்து படகில் ஏறினேன். இன்னொரு மாமாங்கமா என்று நினைத்தேன்.

படகின் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். குமாஸ்தா லூர்துக்குப் பக்கத்தில், துறையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் குப்பத்து வழக்கம் அவருக்கு என்ன தெரியும்? நல்ல வீட்டுப் பிள்ளை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தன் ஊர் மரியாதைப்படி வாய் நிறையச் சொன்னார்:

"சரி அக்கா, போயிட்டு வாங்கோ!"

லூர்துவின் தோள் குலுங்கியது. வேப்பிலை ஆடும் இடத்தில் 'வா' என்று சொல்லிவிட்டாரே. பிறகு யோசித்தேன். இவர் அந்த வீட்டு ஆள் இல்லை. என்னைத்தான் வரச் சொன்னார். சொன்னவருக்குப் பதில் சொல்வதில் ஆத்தாவுக்கு என்ன கோபம்?

"வரேன் தம்பி!" என்றேன். அவருக்குத்தான் சொன்னேன். ஆனால் திரும்பி நின்றவளுக்கும் கேட்கும்படி, கரையிலிருந்து கட்டுமரத்தைக் கூப்பிடும் குரலில், நன்றாக உரக்கச் சொன்னேன்.